கடைமடைக்கு வந்த குப்பை: கடல் பிளாஸ்டிக்கும் உலகச் சட்டத்தின் ஓட்டைகளும்

உவரி சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கடற்கரையில் மண் அள்ளி, ஓலைப்பெட்டியில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கோவில் பக்கம் குவிப்பது அங்கே ஒரு நேர்ச்சை. பதினொரு பெட்டி, நாற்பத்தோரு பெட்டி என்று அவரவர் வேண்டுதலுக்குத் தக்கபடி சுமப்பார்கள். போன தை மாதம் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. அலை வந்து திரும்பும் இடத்தில் குனிந்து ஈர மண்ணை அள்ளினேன். விரலில் முதலில் தட்டுப்பட்டது ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை. அடுத்த கை மண்ணில் பச்சை நைலான் நூலின் முடிச்சு. அதற்கடுத்த கையில், எதன் துண்டு என்றே தெரியாத நீலச் சில்லு. அத்தை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார். "சாமிக்குச் சுமக்குற மண்ணுல இதையும் சேத்தா கொண்டுபோறது?" என்றார்.

கொஞ்சம் தள்ளி, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் ஒரு காலி பாட்டிலை எடுத்துக் காட்டினார். மேலே சிங்கள எழுத்து. "இங்கேருந்து போறது அங்க ஒதுங்கும், அங்கேருந்து வாறது இங்க ஒதுங்கும். நீவாடு இழுக்குற பக்கம் போகும். சரி தம்பி, இதுக்கு யாருகிட்ட பிராது கொடுக்கது?" என்று கேட்டார். நீவாடு என்பது கடலோர ஊர்களில் நீரோட்டத்துக்குச் சொல்லும் பெயர்.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை, சட்டம் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதிப் பார்க்கிறேன். கடலுக்குச் சட்டம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டில் வந்த வழி நெடுக, ஒரு சட்டம் முடிந்து இன்னொன்று தொடங்காத இடங்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் கடலுக்குள் போவது அந்தச் சந்துகள் வழியாகத்தான். அறிஞர்கள் இதை 'ஆளுகை இடைவெளி' என்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால், ஆளாளுக்கு 'என் பொறுப்பில்லை' என்று சொல்லக்கூடிய இடம்.

முதலில் ஒரு அடிப்படை. பன்னாட்டுச் சட்டம் என்பது உள்ளூர்ச் சட்டம் மாதிரி இல்லை. அதை இயற்ற ஒரு சட்டமன்றம் கிடையாது, மீறியவரைப் பிடிக்கப் போலீஸ் கிடையாது. நாடுகள் தாமாக ஒப்புக்கொண்டால்தான் பெரும்பாலும் அது அவற்றைக் கட்டும். ஒப்பந்தத்தில் ஒரு நாடு கையெழுத்துப் போடுவது நிச்சயதாம்பூலம் மாதிரி. அதைத் தன் நாட்டு முறைப்படி ஏற்று உறுதிசெய்வதுதான் தாலி கட்டுவது. நிச்சயம் முடிந்தும் கல்யாணம் நடக்காத ஒப்பந்தங்கள் உலகத்தில் ஏராளம். இன்னொரு வகை, பிரகடனங்களும் செயல்திட்டங்களும். அவை நல்லெண்ணத்தில் சொல்லப்பட்ட வாக்கு. மீறினால் வழக்குப் போட முடியாது. கடல் பிளாஸ்டிக் பற்றி உலகம் இதுவரை பேசியதில் கணிசமான பங்கு இந்த இரண்டாவது வகை.

அப்புறம், அண்ணாச்சியின் பாட்டில். ஒரு நாட்டின் அழுக்கு இன்னொரு நாட்டுக்குள் வந்தால் என்ன செய்வது என்பது பழைய கேள்விதான். கனடாவின் டிரெயில் என்ற ஊரில் இருந்த உலோக உருக்காலையின் புகை எல்லை தாண்டிப் போய் அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. இரு நாடுகளும் நடுவர் மன்றத்துக்குப் போயின. 1938இலும் 1941இலும் தீர்ப்பு வந்தது. தன் மண்ணில் நடக்கும் வேலையால் பக்கத்து நாட்டுக்குக் கடுமையான கெடுதல் வர விடக்கூடாது என்ற கொள்கை அங்கே ஊன்றிக்கொண்டது. இன்றைக்கும் சுற்றுச்சூழல் சட்டத்தின் முதல் பாடம் அதுதான்.

ஆனால் அந்த வழக்கில் புகைபோக்கி ஒன்று. புகை வந்த வழி தெரியும். கருகிய வயல் எது என்பதும் தெரியும். உவரிக்கு ஒதுங்கிய பாட்டில் எழுத்தாவது காட்டியது. அது கொழும்பில் குடித்துப் போட்டதா, மீன்பிடிக்க வந்த படகிலிருந்து விழுந்ததா, இராமேசுவரம் பக்கம் யாரோ வாங்கி வந்து எறிந்ததா என்று யார் சொல்ல முடியும்? அத்தை பொறுக்கிய நீலச் சில்லுக்கு எழுத்தும் கிடையாது. வெயிலும் அலையும் சேர்ந்து உடைத்து உடைத்து அதன் ஊர் பேரையே அழித்துவிட்டன. கெடுதல் செய்தவரைக் காட்டு, கெடுதலைக் காட்டு, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டு என்று கேட்பது சட்டத்தின் வழக்கம். பிளாஸ்டிக் விஷயத்தில் மூன்றில் ஒன்றுதான் கையில் இருக்கிறது.

கடலை நாடுகள் எப்படிப் பங்கு போட்டிருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வோம். கரையோரக் கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை அந்தந்த நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல் மைல், கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர் வரை தனிப் பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்குச் சொந்தம், கப்பல் போகும் உரிமை எல்லோருக்கும் பொது. அதற்கும் அப்பால் ஆழ்கடல், யாருக்கும் சொந்தமில்லை. மன்னார் வளைகுடா மாதிரி ஒடுங்கிய இடத்தில் இரண்டு நாட்டுக் கோடுகளும் நடுவிலேயே முட்டிக்கொள்கின்றன. நீவாட்டுக்கு இந்தக் கோடு எதுவும் தெரியாது.

இந்தப் பங்கீட்டை எழுதி வைத்தது ஐக்கிய நாடுகள் சபையின் கடல் சட்ட உடன்படிக்கை. 1982இல் எழுதி முடிக்கப்பட்டு, 1994இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1995இல் அதை ஏற்றது. 320 பிரிவுகள் கொண்ட இதைக் கடலின் அரசியல் சாசனம் என்பார்கள். 192ஆம் பிரிவு ஒரே வரி: கடற்சூழலைக் காப்பதும் பேணுவதும் நாடுகளின் கடமை. படிக்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும். ஓட்டை எங்கே என்று பார்க்க இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். சட்டத்தில் ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை நான் இங்கேதான் கண்டுகொண்டேன். அதனால் இந்த இடத்தில் சற்று நிற்கிறேன்.

கடலில் குப்பை சேர மூன்று வழிகளை அந்த உடன்படிக்கை தனித்தனியாகப் பேசுகிறது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் வேண்டுமென்றே கொட்டுவது ஒன்று. அதைப் பற்றிய 210ஆம் பிரிவு, நாடுகள் போடும் சட்டம் உலக விதிகளைவிடப் பயனில் குறைந்ததாக இருக்கக்கூடாது என்கிறது. கப்பல்கள் ஓடும்போது சேரும் மாசு இரண்டாவது. 211ஆம் பிரிவு, ஒரு நாடு தன் கொடி பறக்கும் கப்பல்களுக்குப் போடும் சட்டம் ஒப்புக்கொண்ட உலக விதிகளுக்குக் குறைந்தபட்சம் ஈடாக வேண்டும் என்கிறது. இரண்டிலும் ஒரு தரை இருக்கிறது. அதற்குக் கீழே இறங்க முடியாது.

மூன்றாவது, நிலத்திலிருந்து வருவது. ஆறு, வாய்க்கால், சாக்கடை, கடற்கரைக் குப்பைமேடு எல்லாம் இதில்தான் அடங்கும். இதற்கான 207ஆம் பிரிவு, நாடுகள் சட்டம் போடும்போது உலக விதிகளை 'கருத்தில் கொண்டு' போட வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். கருத்தில் கொண்டேன், ஆனாலும் என் வசதிக்கு இவ்வளவுதான் முடிந்தது என்று ஒரு நாடு சொன்னால், மீறியதாக ஆகாது. வளரும் நாடுகளின் பொருளாதாரச் சக்தியையும் வளர்ச்சித் தேவையையும் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவில் ஒரு வரியும் இருக்கிறது. கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு நிலத்திலிருந்து வருவது என்பதை ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கிறார்கள். சட்டம் தளர்ந்து நிற்பதும் சரியாக அதே இடத்தில்தான்.

ஏன் அப்படி எழுதினார்கள்? 1967இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்துக் கரையில் உடைந்து கடலைக் கறுப்பாக்கியது. 1973 முதல் 1982 வரை உட்கார்ந்து பேசியவர்கள் மனதில் கப்பலும் எண்ணெயும் பெரிதாக நின்றன. அது ஒரு காரணம். இன்னொன்று, கப்பல் எல்லோருக்கும் பொதுவான கடலில் ஓடுகிறது, அதற்கு விதி போட எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் என் ஊர் ஆலை, என் ஊர் ஆறு, என் ஊர்ச் சந்தை பற்றி வெளியூர்க்காரன் என்ன சொல்வது? எந்த அரசும் அதை எளிதில் விட்டுக்கொடுக்காது.

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க நமக்கே ஒரு சொல் இருக்கிறது: தலைமடை, கடைமடை. பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் பிரிந்து, கடைசி வயல் வரை போகிறது. தலைமடைக்காரர் தன் இஷ்டத்துக்கு நீரைத் தேக்கினால் கடைமடைக்காரர் வயல் காய்ந்து போகும். அதனால்தான் முறை வைத்தார்கள், மடையில் நின்று நீர் திருப்பிவிட நீர்பாய்ச்சி என்று ஓர் ஆளையும் வைத்தார்கள். தலைமடைக்காரர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்த முறைக்குக் கட்டுப்பட வேண்டும். உலகத்து ஆறுகளுக்கெல்லாம் கடைமடை கடல். அந்தக் கடைமடைக்கு மட்டும் நீர்பாய்ச்சி கிடையாது.

ஆற்றையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத ஆறு. அமாவாசை அன்று பாபநாசம் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். பரிகாரம் முடித்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். பழைய காலத்தில் அது பருத்தி, கொஞ்ச நாளில் மக்கிப் போகும். இன்றைக்கு அதில் பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலந்த சேலையும் சட்டையும். பாலியஸ்டரும் பிளாஸ்டிக்தான், தண்ணீர் பாட்டில் எதில் செய்யப்படுகிறதோ அதே பொருளின் இழை. படித்துறைக் கல்லில் சிக்கிக் கிழிந்து நூல் நூலாகப் பிரிந்து போகும் சேலையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நூல் அணைக்கட்டில் தங்காது.

அந்தச் சேலை போகும் வழியில் எத்தனை அலுவலகங்கள்! படித்துறை ஒரு நகராட்சி எல்லையில். கீழே அடுத்தடுத்து நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள், நடுவில் திருநெல்வேலி மாநகராட்சி. அணையும் வாய்க்காலும் நீர்வளத் துறைக்கு. நீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மாவட்டம் மாறித் தூத்துக்குடி வந்ததும் ஆட்சியர் மாறுகிறார். முகத்துவாரம் தாண்டினால் ஆட்சிக்கடல், அது மத்திய அரசின் வரம்பு. அங்கே மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மட்டும் மாநில மீன்வளத் துறை. ஒவ்வொருவரிடமும் ஒரு சட்டம் இருக்கிறது. பாபநாசத்தில் விழுந்தது புன்னக்காயலில் கடலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று சொல்லும் ஒரே ஒருவரைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த பின் ஆற்றோர மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே பிளாஸ்டிக் பைகள் கொடி கட்டியதுபோலத் தொங்கின. மரத்தில் சிக்கியது அவ்வளவு என்றால், சிக்காமல் கடலுக்குப் போனது எவ்வளவு?

ஒரே மாநிலத்துக்குள் ஓடும் ஆற்றுக்கே இந்த நிலை. பல நாடுகளைத் தாண்டி ஓடும் ஆறுகளை நினைத்துப் பாருங்கள்.

விதி நன்றாக எழுதப்பட்டிருக்கும் கப்பல் பக்கமாவது ஓட்டை இல்லையா என்றால், இருக்கிறது. மார்போல் என்று சுருக்கமாகச் சொல்லும் கப்பல் மாசுத் தடுப்பு ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. கப்பலிலிருந்து எந்த வகைப் பிளாஸ்டிக்கையும் கடலில் எறியக்கூடாது என்று அது நேராகச் சொல்கிறது. குப்பைக் கணக்கு எழுதப் பதிவேடு வைக்க வேண்டும். முன்பு 400 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இருந்த இந்தப் பதிவேட்டு விதி, 2024 மே மாதம் முதல் 100 டன் கப்பலுக்கும் வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் நடுக்கடலில் பார்ப்பது யார்? கப்பலை முதலில் தட்டிக்கேட்கும் உரிமை அது எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டுக்கு. உலகக் கப்பல்களில் பெருந்தொகை லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய கொடிகளின் கீழ் பதிவாகியிருக்கின்றன. முதலாளி ஒரு நாட்டில், மாலுமிகள் வேறு நாடுகளில், கொடி இன்னொரு நாட்டில்.

மீன்பிடி வலை பற்றியும் அந்த ஒப்பந்தம் பேசுகிறது. வலையை வேண்டுமென்றே எறிவது குற்றம். போதிய கவனத்தோடு இருந்தும் தவறிப் போனால் குற்றமில்லை. இது நியாயமான விதிதான் என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய வலையை எந்த மீனவரும் ஆசைப்பட்டுக் கடலில் விடமாட்டார். பாறையில் மாட்டும், பெரிய விசைப்படகு அறுத்துக்கொண்டு போகும். அப்படிப் போன தங்கூசி (நைலான் இழை) வலை ஆள் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆமையும் அதில் மாட்டும். வலைக்கு அடையாளக் குறி இருந்தால் யாருடையது என்று தெரியும், திருப்பிக் கொடுக்கவும் முடியும். இதற்காக உலக உணவு வேளாண்மை அமைப்பு 2018இல் வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. அவை விருப்பம் இருந்தால் பின்பற்றலாம் என்ற வகை. உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைக் கரைகளில் நிற்கும் பைபர் படகுகளுக்குக் குப்பைப் பதிவேடும் கிடையாது, பழைய வலையைக் கொடுக்க ஓர் இடமும் பெரும்பாலும் கிடையாது. தடையை மட்டும் எழுதிவிட்டு, கழிந்த வலையை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க என்று சொல்லாமல் விட்டால், அந்தத் தடை யாருக்கு உதவும்?

இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டிய ஒன்று, ஜவ்வரிசி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குருணை. வாளி, நாற்காலி, பை எல்லாம் செய்வதற்கான மூலப்பொருள் இந்தக் குருணையாகத்தான் மூட்டை மூட்டையாகக் கப்பலில் போகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 டன் குருணை கடலில் கலந்தது. இலங்கையின் மேற்குக் கரை மணல் பனி பெய்தது போல வெளுத்துக் கிடந்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2025 மே 25 அன்று, கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. அதன் குருணை கேரளக் கரையில் பல இடங்களில் ஒதுங்கி, நமக்குப் பக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தது. தன்னார்வலர்கள் மணலைச் சல்லடையில் சலித்துப் பொறுக்கினார்கள்.

இதில் ஓட்டை என்ன தெரியுமா? கப்பலில் ஏற்றும் ஆபத்தான சரக்குகளுக்கு ஓர் உலகப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இருந்தால் தனி முத்திரை, தனி இடம், தனி எச்சரிக்கை எல்லாம் வேண்டும். பிளாஸ்டிக் குருணை அந்தப் பட்டியலில் இல்லை. கொழும்பு விபத்துக்குப் பின் இதைக் கேட்டு நெருக்கினார்கள். 2024இல் உலகக் கடல்சார் அமைப்பு சில பரிந்துரைகளை வெளியிட்டது. நல்ல மூட்டையில் கட்டு, மேல்தளத்தில் அடுக்காதே, குருணை என்று தெளிவாக எழுது என்பவை அவை. நல்ல ஆலோசனைகள், ஆனால் கட்டாயம் கிடையாது. கேரளாவில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. கப்பல் மூழ்கியது 12 கடல் மைலுக்கு வெளியே. அப்படியானால் இழப்பீடு கேட்டு வழக்காட மாநில அரசுக்கு உரிமை உண்டா என்று நீதிமன்றத்திலேயே வாதம் நடந்தது. குருணை ஒதுங்கியது மாநிலத்துக் கரையில், கப்பல் கிடப்பது மாநில எல்லைக்கு அப்பால். இடைவெளி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கம்பக்கத்து நாடுகள் சேர்ந்து தங்கள் கடலுக்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாமே? மத்தியதரைக் கடல் நாடுகள் அப்படிச் செய்தன. 1976இல் பார்சிலோனா உடன்படிக்கை, 1980இல் நிலத்திலிருந்து வரும் மாசுக்கென்றே தனி நெறிமுறை, 2013இல் கடல் குப்பைக்கென ஒரு வட்டாரத் திட்டம். அவை சட்டமாகக் கட்டுபவை. நம் பக்கம் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், மாலத்தீவு ஆகிய ஐந்து நாடுகளும் 1995இல் டெல்லியில் தெற்காசியக் கடல்களுக்கான செயல்திட்டம் ஒன்றை ஏற்றன. அதை நடத்தும் அமைப்பின் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. ஆனால் அது திட்டம் மட்டும்தான், கட்டுப்படுத்தும் உடன்படிக்கை பின்னால் வரவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அறிவித்து 1986 முதல் காத்துவருகிறோம். அந்தப் பவளப்பாறைக்கு நேர் எதிரே இருக்கும் கரையோடு ஒரு பிளாஸ்டிக் ஒப்பந்தம் இல்லை. அண்ணாச்சியின் பிராதை வாங்கிக்கொள்ள வேண்டிய மேசை இதுதான் என்று நினைக்கிறேன். அந்த மேசையில் பேனாவும் தாளும் இருக்கின்றன, அதிகாரம் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் பிளாஸ்டிக் குப்பையான பிறகு நடப்பது. குப்பை நாடு விட்டு நாடு போவதைப் பற்றிய பாசல் உடன்படிக்கையும் அப்படித்தான். 2019இல் அதைத் திருத்தி, கலப்படமான அழுக்குப் பிளாஸ்டிக்கை வாங்கும் நாட்டின் ஒப்புதல் இல்லாமல் அனுப்பக்கூடாது என்றார்கள். 2021 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது, பயனும் உண்டு. ஆனால் எத்தனை பை செய்யலாம், மறுசுழற்சி செய்ய முடியாத பாக்கெட்டைச் செய்யலாமா என்று கேட்கும் உலகச் சட்டம் எதுவும் கிடையாது. பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் கணக்குப்படி 2019இல் உலகம் பயன்படுத்திய பிளாஸ்டிக் 46 கோடி டன். அந்த ஆண்டுக் கழிவில் மறுசுழற்சியாகி மீண்டும் பொருளானது 9 சதவீதம். வாய்க்கால் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது முதலில் மடையை அடைப்போமா, வாளி எடுத்து இறைப்போமா?

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் 14 வகைப் பொருட்களைத் தடைசெய்தது. மத்திய அரசின் ஒருமுறைப் பிளாஸ்டிக் தடை 2022 ஜூலையில் வந்தது. உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி எல்லாம் அதில் உண்டு. உவரி மண்ணில் என் கையில் வந்த ஷாம்பு பாக்கெட் அதில் இல்லை. பல அடுக்குப் படலத்தில் செய்த அந்தப் பாக்கெட்டை மறுசுழற்சி செய்வது மிகவும் கடினம், காசும் பெறாது. அதனால் எடைக்கடைக்காரர் கூட வாங்கமாட்டார். தயாரித்தவரே திரும்ப எடுக்க வேண்டும் என்ற பொறுப்பு விதி முன்பே உண்டு, 2022இல் அதற்கு விரிவான நெறிமுறைகள் வந்திருக்கின்றன. தேரிக்காட்டுப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்கு விற்ற பாக்கெட்டைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

இந்த மடையை அடைக்கத்தான் 2022 மார்ச் 2 அன்று நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் அவை ஒரு தீர்மானம் போட்டது. பிளாஸ்டிக்கின் பிறப்பு முதல் இறப்பு வரை முழுவதற்கும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தை 2024 முடிவதற்குள் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். உருகுவேயில் தொடங்கி பாரிஸ், நைரோபி, ஒட்டாவா என்று சுற்றி, 2024 டிசம்பர் முதல் நாள் தென்கொரியாவின் பூசானில் முடிவு இல்லாமல் கலைந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் மறுபடி கூடினார்கள். 15ஆம் தேதி விடியும்போது அதுவும் உடன்பாடு இல்லாமல் முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உற்பத்தியையே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்கின்றன. பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் எண்ணெயும் எரிவாயுவும். அவற்றை விற்கும் நாடுகள், குப்பையை மட்டும் பேசுவோம், உற்பத்தியைத் தொடாதே என்கின்றன.

இந்தியாவும் உற்பத்திக்கு வரம்பு வைப்பதை ஏற்கவில்லை. வளர்ச்சிக்கான உரிமை, பணக்கார நாடுகள் பணமும் தொழில்நுட்பமும் தர வேண்டும், எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பவை நம் அரசின் வாதங்கள். பணம் பற்றிய வாதத்தில் நியாயம் இருக்கிறது, முழு மனதோடு அதை ஆதரிக்கிறேன். உற்பத்தி பற்றியதில் எனக்கு உடன்பாடில்லை. உவரிக் கடற்கரையில் நின்று பார்த்தால், நாமும் கடைமடையில்தான் இருக்கிறோம். கடைமடைக்காரர் தலைமடைக்காரருக்காக வாதாடுவது என்ன கணக்கு?

உற்பத்திக்கு வரம்பு, பணத்துக்கு ஏற்பாடு இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஓசோன் படலத்தை அரித்த வாயுக்களுக்காக 1987இல் எழுதிய மாண்ட்ரியல் நெறிமுறை. அது அந்த வாயுக்களின் உற்பத்தியிலேயே கை வைத்தது. சேராத நாடுகளோடு அந்தப் பொருளில் வணிகம் செய்யக்கூடாது என்றது. முதலில் இந்தியா சேரவில்லை, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்டது. 1990இல் லண்டனில் அதற்கென ஒரு நிதி ஏற்பாடாயிற்று. 1992இல் இந்தியா சேர்ந்தது. இன்றைக்கு உலக நாடுகள் அனைத்தும் அதில் உண்டு. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஓடும் வாயு மாறியது இப்படித்தான். பெட்டி இல்லாமல் போய்விடவில்லை.

அடுத்த கூட்டத்தில் புதிய வரைவு வந்தால் செய்தித்தாளில் பெரிய தலைப்பு போடுவார்கள். அதை விட்டுவிட்டு உள்ளே சில இடங்களைத் தேடிப் படியுங்கள். உற்பத்தி என்ற சொல் இருக்கிறதா, இல்லை கழிவு மேலாண்மையோடு நின்றுவிடுகிறதா என்பது முதலாவது. அடுத்து வினைச்சொற்கள். 'செய்ய வேண்டும்' என்று முடிந்தால் 210ஆம் பிரிவின் வழி. 'தேசியச் சூழலுக்கு ஏற்ப, இயன்றவரை' என்று முடிந்தால் 207ஆம் பிரிவின் வழி, நாற்பது ஆண்டுகளாக அதன் பலனைப் பார்த்துவிட்டோம். கடைசியாக, உடன்பாடு வராதபோது வாக்கெடுப்பு உண்டா என்று பாருங்கள். இந்தப் பேச்சுவார்த்தையின் நடைமுறை விதிகளில் வாக்கெடுப்பு பற்றிய வரி, இன்னும் ஒப்புக்கொள்ளப்படாமலேயே கிடக்கிறது. பாரிஸ் கூட்டத்தில் முதல் இரண்டு நாட்கள் அந்த ஒரு வரியிலேயே போயின. அது ஒப்புக்கொள்ளப்படாத வரை, ஏறத்தாழ 180 நாடுகள் தயாராக இருந்தாலும் ஒன்றிரண்டு நாடுகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், கூட்டம் கலைந்துவிடும்.

மாசியில் மறுபடி உவரிக்குப் போனபோது இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். வலை ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். அறுத்துப் போட்ட வலைத்துண்டுகள் அவர் காலடியில் ஒரு பழைய உரச்சாக்கில் கிடந்தன. கடலில் போட மனசில்லை, வாங்கவும் ஆளில்லை என்று வாடியில் அப்படி நாலு சாக்கு சேர்த்து வைத்திருக்கிறார்.